ஒருவர் மறுத்தார்

தெய்வானையம்மாள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு ஹிந்தியில் வந்தது. ஜங்லிகாட் மார்க்கெட்டில் சூரை மீனை நறுக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மீன் வெட்டும் பெங்காலிப் பெண் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தீதி, சுனா க்யா? கராச்சர்மாவாலி கவர்னர் நானி சலி கயீ" என்றாள். கராச்சர்மா கவர்னர் பாட்டி போய்விட்டாராம். எப்போது என்று கேட்டேன். காலையில்தான் என்றாள். வீடு வந்து பையைத் திறந்த பிறகுதான் மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எழுபத்தெட்டு வயதில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த முதல் பொருள் அந்த மீன்.

உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். அந்தமானிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகக் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலை கிடைத்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் எல்லோரும் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவோம். சௌல்தாரியில் எங்கள் பெண்கள் நடத்திய தேங்காய் எண்ணெய்ச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கடைசியில் அவருக்குத் தொண்ணூற்றொரு வயது.

அவரைப் பற்றி எழுதித் தரும்படி நினைவு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விஷயத்தைத் திருத்தாதீர்கள். அப்படித் திருத்தியதால் வந்த கதைதான் இது.

சங்கம் நன்றாக நடந்த காலம். சௌல்தாரிக் கொட்டகையில் கொப்பரை காயும், மிஷின் ஓடும், பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு நடந்தே வந்துவிடுவார்கள். நான் வாழ்க்கைப்பட்டு ஜங்லிகாட்டுக்கு வந்துவிட்டாலும் சங்கத்தில் உறுப்பினர். என் அக்கா சௌல்தாரியிலேயே இருந்தாள். மிஷினைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அத்தான் இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவாள். கொட்டகை பக்கத்தில் இருந்ததால்தான் அவளால் அது முடிந்தது.

மெயின்ரோட்டில் கட்டடம் கிடைக்கிறது, சங்கத்தைக் கராச்சர்மாவுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு நாள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அக்காவால் அன்றைக்குக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. நான் போனேன். எழுந்து நின்று சம்மதமில்லை என்று சொன்னேன். என்னைத் தவிர எல்லோரும் தலையாட்டினார்கள். தோற்றுப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பத்து நாள் கழித்து அக்கா அத்தானின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அதில் கிளார்க்கம்மாவின் முத்து முத்தான எழுத்தில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருந்தது. கீழே, கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயர் வரிசையில் என் பெயரும் இருந்தது.

அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"எல்லாருமா சேர்ந்து ஒரே மனசா முடிச்சிட்டீங்களாடி?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. எந்திரிச்சி நின்னு சொன்னேன்."

"பொஸ்தகத்துல அப்பிடி இல்லியே. படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க?"

அன்றைக்குப் போனவள் பிறகு என் வீட்டு வாசலுக்கு வரவில்லை. நான் போனால் தேத்தண்ணி கொடுப்பாள். அந்நியருக்குக் கொடுக்கிற மாதிரி டம்ளரைத் தட்டில் வைத்துக் கொடுப்பாள். இலங்கையில் தொழிலாளர் லயத்தில் ஒரே கம்பளியில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கப்பலில் வந்தபோது நான் வாந்தி எடுக்க அவள் மடியை ஏந்தினாள். அப்படிப்பட்டவள் ஒரு சொல்லை நம்பி என்னை விட்டாள். அந்தச் சொல்லை எழுதிய கிளார்க்கம்மாவோடு நான் முப்பத்தொரு வருடம் பேசவில்லை. கோயிலில் எதிரே வந்தால் நான் சுற்றிப் போவேன். அவருக்கு ஏன் என்றே தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபோது கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவருக்கு எண்பத்தெட்டு வயது ஆனபோது அடுப்பை அணைக்க மறந்தார், சொன்னதையே சொன்னார். ஆஸ்பத்திரியில் மூளைக்கு வேலை கொடுங்கள் என்றார்களாம். அவரைக் கூட வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணன் மகன் கட்டம் போட்ட எண் விளையாட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "இது சின்னப் பிள்ளையளுக்குள்ளது. பரீட்சை உள்ள படிப்பாக் கொடு" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் மனைவி கோமதி கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனிச் செயலாளர் படிப்புக்குப் படித்துப் பாதியில் விட்டவள். பரணில் கிடந்த அவள் புத்தகங்களில் ஒன்று கார்ப்பரேட் கவர்னன்ஸ். ஒரு கம்பெனியை அதன் தலைவர்கள் எப்படி ஒழுங்காக நடத்த வேண்டும், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிற படிப்பு. கிளார்க்கம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் யாரோ காதில் பாதி விழுந்து, கிழவி கவர்னர் பரீட்சைக்குப் படிக்கிறது என்று கிளப்பிவிட்டார்கள். அப்படித்தான் அவர் கவர்னர் நானி ஆனார்.

அந்தப் புத்தகத்தோடு ஒரு நாள் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படி பதினாறையும் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண்கள் எல்லோரும் அவருக்கு ஏட்டிதான்.

"ஏட்டி, கொட்டகையை மாத்தணும்னு கூட்டம் போட்டோம்லா, அன்னைக்கு நீ எந்திரிச்சு என்னமோ சொன்ன. என்ன சொன்ன? எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்கு."

"முப்பத்தோரு வருசம் கழிச்சி என்னாத்துக்குங்க அது?"

"சொல்லுட்டி. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொல்லுதாவ."

சொன்னேன். "அன்னைக்கு மழ. மேக்கால தகரம் ஒழுகிச்சி. மொத்தம் பதினெட்டுப் பேரு. நீங்க நீலக்கரை போட்ட வெள்ளைப் பொடவ. எல்லாருக்கும் சம்மதந்தானன்னு கேட்டீங்க. நான் எந்திரிச்சி, எனக்கு சம்மதமில்ல, சௌல்தாரிப் பொம்பளைங்க எப்பிடி வந்து போவாங்க, காலையில ஒரு பஸ்ஸு சாயந்தரம் ஒரு பஸ்ஸுன்னு சொன்னேன். நீங்க என்னைப் பாத்து, உக்காருட்டி, டீ ஆறிப் போவுதுன்னு சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"ஒரு எழுத்து மாத்தல."

கிளார்க்கம்மா புத்தகத்தில் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். மறுப்பவர் பெயரும் அவர் சொன்ன காரணமும் மினிட்ஸில் பதியப்பட வேண்டும் என்று இருந்ததைத் தமிழில் சொன்னார். பிறகு, "எனக்குத் தெரியல்லட்டி. கடுதாசின்னா 'இப்படிக்கு'ன்னு முடியுத மாதிரி, தீர்மானம்னா 'ஏகமனதாக'ன்னுதான் முடியும்னு நெனச்சேன். முன்னால எழுதுனவியளும் அப்படித்தான் எழுதியிருந்தாவ. வேண்டாம்னு சொன்னதை எழுதுனா வீட்டுச் சண்டையைத் தெருவுல போடுத மாதிரி ஆயிருமேன்னு இருந்தது" என்றார்.

ஆமாம், நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடும் மரியாதை வார்த்தை போல அந்த ஏகமனதைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் ஒருத்தியின் குரல்வளை இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "புத்தகத்துல மாத்தி எழுதுங்க. எங்க அக்காகிட்ட காட்டணும். அவளுக்கு எண்பத்திநாலு ஆவுது" என்றேன். எழுதித் தருகிறேன் என்றார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்காகத்தான் நான் செவ்வாயும் வெள்ளியும் கராச்சர்மா பஸ் ஏறினேன். படித்ததை யாருக்காவது சொல்லிக் கொடுத்தால் மனதில் நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். அவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்வார். சாயங்காலம் கோமதி கேள்வி கேட்பாள். பதில் நான்தான் சொல்வேன். கிளார்க்கம்மா, "இதை எப்பம்ட்டி படிச்சோம்?" என்பார். காலையிலதான் என்றால், "சரிதான், நல்ல பாடமா இருக்கு" என்பார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. படிப்பு அவர் மூளையைக் காப்பாற்றும் என்றார்கள். அவரிடமிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, மூன்றாம் வகுப்புக்காரியான என்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் நான் பார்த்தேன். எனக்கு எதற்கு அந்தப் பாடங்கள்? இன்றைக்கும் எந்தப் பக்கம் என்று கேட்டாலும் சொல்வேன்.

சிரிக்காமலும் இல்லை. கம்பெனி நிர்வாகக் குழுவில் எந்தச் சம்பந்தமும் இல்லாத சுயேச்சை ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு பாடம். "அந்தமான்ல சம்பந்தமில்லாத ஆளுக்கு எங்கங்க போவாங்க? கப்பல்ல மூணு நாள் ஒண்ணா வந்தாலே மாமன் மச்சானாயிடுறாங்களே" என்று கேட்டேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் பல் செட்டு மடியில் விழுந்தது. அடுத்த பாடம், தனக்குச் சொந்தச் சம்பந்தம் உள்ள விஷயம் வந்தால் அதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது என்பது. "இது ஒண்ணை மட்டும் மறக்காதட்டி" என்றார். நான் மறக்கவில்லை. அது எனக்கே வந்து சுற்றும் என்று அப்போது தெரியாது.

சங்கம் இப்போது பெயருக்கு இருக்கிறது. பழைய புத்தகங்கள் இப்போதைய செயலாளர் வீட்டு இரும்பு அலமாரியில் இருந்தன. அது தெரியவே இரண்டு வருடம் ஆனது; தெரிந்ததும் இரண்டு பேரும் போனோம். அவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார், ஜூஸ் கொடுத்தார்.

"ஆன்ட்டி, அடுத்த கூட்டத்துல படிச்சு ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்ட மினிட்ஸை இப்ப தொட முடியாது. புதுசா பொதுக்குழு கூட்டி ஒரு குறிப்பு வேணா சேர்க்கலாம். அதுக்கு பதினோரு பேரு வரணும்."

"எத்தன பேரு உசுரோட இருக்காங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒன்பது. அதுல ரெண்டு பேரு மெயின்லேண்ட் போயாச்சு."

"அப்ப செத்தவங்களுக்கும் நோட்டீசு அனுப்புங்க தம்பி."

அவர் சங்கடமாகச் சிரித்து, பேச்சை மாற்றப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் ஈரம் பட்டுப் பழுத்திருந்தது. அந்தப் பக்கத்தை நான்தான் கண்டுபிடித்தேன். கிளார்க்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகு நேரம் பார்த்தார். விரலால் அந்த வரியைத் தடவினார்.

"எவ்வளவு அழகான எழுத்து! இது யாரு எழுதுனதுட்டி?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஜூஸ் டம்ளரைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக நான் யாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனோ அவர் அங்கே இல்லை என்பது அப்போது தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குத் தெளிந்த நாளாக இருந்தது. சில நாள் அப்படி இருக்கும். பொதுக்குழு இல்லாவிட்டால் போகட்டும், அன்றைக்கு எழுதியவள் நான், நானே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என் எழுத்தென்றால் உன் அக்கா நம்புவாள் என்றார். கோமதி வெள்ளைத் தாள் கொடுத்தாள். முதலில் அடியில் கையெழுத்தைப் போட்டார். மறந்துவிடுவேன் என்று அவருக்கே பயம். பிறகு மேலே எழுதினார். அப்போதும் அதே முத்து எழுத்து. 'கொட்டகையை மாற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறவில்லை. அன்று ஒருவர் மறுத்தார். சௌல்தாரிப் பெண்கள் வந்துபோக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நான் அதை எழுதாமல் விட்டது பிழை.' அடுத்த வரியில் 'மறுத்தவர் பெயர்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் பேரு என்னட்டி?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கோமதிகூட வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். இரண்டு வருடம் பஸ் ஏறி வந்திருக்கிறேன், அவர் பாடத்தையெல்லாம் சுமந்திருக்கிறேன், என் பெயரை நானே சொல்லி எழுத வைக்க வேண்டுமா என்று ரோஷம் வந்தது. "அன்னைக்கு எழுதாம விட்ட பேரு. நீங்களே யோசிச்சி எழுதுங்க" என்றேன். அவர் யோசித்தார். அதற்குள் டீ வந்தது. குடித்து முடித்ததும் தாளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் வேறு ஆள். எட்டு மாதம் படுத்திருந்தார். செவ்வாய், வெள்ளி நான் போனேன். புத்தகத்தை மடியில் வைத்தால் ஓரத்தைக் கிழித்து உருண்டை பிடிப்பார். நான் அவருக்குப் பாடம் சொன்னேன். கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்கிற கோரம், மறுப்பை எப்படிப் பதிவது, எல்லாம் வரிசையாக. ஒரு நாள் கோமதியிடம், "இந்த அம்மா யாரு, எதுக்குத் திட்டிக்கிட்டே இருக்கா?" என்று கேட்டார். என்னை ஏட்டி என்று கூப்பிடக்கூட அவரிடம் சொல் மிச்சம் இல்லை.

மலரின் முதல் பக்கத்தில், அவர் இடைவிடாத படிப்பினால் கடைசி மூச்சு வரை தெளிந்த நினைவோடு வாழ்ந்தார் என்று போடப் போகிறீர்களாம். இரங்கல் தீர்மானத்திலும் அப்படியே எழுதி, முடிவில் ஏகமனதாக என்றும் போட்டுவிட்டீர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், கை தூக்கினேன், மைக் பிடித்தவர் நான் இரண்டு வார்த்தை பேச விரும்புவதாக நினைத்து அப்புறம் என்று சைகை காட்டினார். ஆகையால் இங்கே எழுதுகிறேன். அவர் தெளிவோடு போகவில்லை. படிப்பு எதையும் தடுக்கவில்லை. தண்ணீர் ஏறுகிற படகில் டம்ளரால் இறைத்த மாதிரி இறைத்தார். கடைசி நல்ல நாள் வரை இறைத்தார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்லும் புகழ்ச்சி எதற்கும் எனக்குச் சம்மதம் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சௌல்தாரி போனேன். இப்போது பஸ் நிறைய ஓடுகிறது. அக்கா வாசலில் பாக்கு காயவைத்துக்கொண்டிருந்தாள். கண் பார்வை போய்விட்டது. அவள் மருமகளைப் படிக்கச் சொன்னேன். அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒருவர் மறுத்தார் என்ற இடம் வந்ததும் அக்கா தலையைத் தூக்கினாள்.

"பாத்தியா, ஒருத்தி இருந்திருக்கா. எங்களுக்காவ வாயத் தொறக்க ஒருத்தி இருந்திருக்கா. எவ அது?"

"நாந்தான்க்கா."

"பேரு போட்டிருக்கா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"இல்ல அத்த. பேருன்னு எழுதி சும்மா விட்டிருக்கு."

அக்கா கொஞ்ச நேரம் பாக்கைத் துழாவிக்கொண்டிருந்தாள். "எவளோ, நல்ல பொம்பள. உசுரோட இருந்தா கூட்டிட்டு வா, ஒரு வாய் சோறு போடணும்" என்றாள். பிறகு மருமகளிடம் எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள். தட்டில் வைத்து வந்தது.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. தெய்வானையம்மாளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுவும், பரீட்சை எழுதாத ஒரு புத்தகத்தின் மனப்பாடமும்தான். என் பேத்தி, நீயே உன் பெயரை எழுதிவிடேன், யாருக்குத் தெரியப் போகிறது என்கிறாள். பெயர் எழுத எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்குச் சொந்தச் சம்பந்தம் உள்ள விஷயம். நான் அதில் கை வைக்கக் கூடாது. அவர் மறக்காதே என்று சொன்ன ஒரே பாடம் அது. எழுத வேண்டியவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டபோது நான் சொல்லவில்லை. இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. காலியாகவே இருக்கும்.